இரண்டு டிஸ்சார்ஜ் காகிதம், ஒரே 'ஸ்டேட்டஸ்'

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், கட்டிக்கொடுத்தது ஆலங்குளம் பக்கம். என் தம்பிக்கு 24 வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். 12 வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை எடுத்தால் வராது. போன மாதம் எங்கள் ஊர் சுடலை கோயில் கொடை விழா. காப்புக் கட்டியிருக்கிறோமே என்று அவனாகவே மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். இரண்டு நாள் தூக்கமும் இல்லை. நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. சாமி வந்திருக்கிறது என்று முதலில் விலகி நின்றுவிட்டார்கள். அப்புறம் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நிற்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்து அம்பை அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, 108-ல் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் நினைவில்லாமல் வென்டிலேட்டரில் இருந்தான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்று இருக்கிறது.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நான்கு நாள் விடாத தலைவலி, வாந்தி. என்னையும் சேர்த்தார்கள். என் காகிதத்தில் 'ஸ்டேட்டஸ் மைக்ரெய்னோசஸ்'. டோபிரமேட் மாத்திரை எழுதினார்கள். மருந்துக் கடைக்காரர், "இது வலிப்புக்குக் கொடுக்கதுல்லா" என்றார். என் கணவரின் சித்தப்பா இரண்டு காகிதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே சீக்குதான், இவளுக்கு இப்பத்தான் தலையில தொடங்கிருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமியார் என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. தம்பிக்குப் பேசிவைத்த பெண் வீட்டிலும் தயங்குகிறார்கள். அவனுக்கு நோய் முற்றிவிட்டதா? எனக்கும் வலிப்பு வருமா? என் மகளுக்கு 6 வயது. அவளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அடுப்பு விஷயத்தை முடித்துவிடலாம். உங்களுக்கு வந்தது வலிப்பு இல்லை, வலிப்பின் தொடக்கமும் இல்லை. நீங்கள் தாராளமாக அடுப்படிக்குப் போகலாம். (கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கிறதே என்று தோன்றினால் இந்தப் பத்தியை மட்டும் மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

சித்தப்பாவைக் குறை சொல்லவும் மாட்டேன். அக்காள் காகிதத்திலும் தம்பி காகிதத்திலும் ஒரே சொல் தலையில் நிற்கிறது. வலிப்புக்கான மாத்திரையும் உங்கள் சீட்டில் இருக்கிறது. படித்தவர்களே அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் 'ஸ்டேட்டஸ்' எந்த நோயின் பெயரும் இல்லை. லத்தீனில் அதற்கு 'நிலை' என்று பொருள். மருத்துவத்தில், தானாக விட்டுவிட வேண்டிய ஒன்று விடாமல் அதே நிலையில் நீடிக்கிறது என்பதைக் குறிக்க அதை எழுதுகிறோம். அடைமழை என்றால் வேறு ஜாதி மழையா என்ன? அதே மழைதான், விடவில்லை. அதேபோல வலிப்பு விடாமல் நீடித்தால் ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ், ஒற்றைத் தலைவலி விடாமல் நீடித்தால் ஸ்டேட்டஸ் மைக்ரெய்னோசஸ். ஆஸ்துமா இழுப்பு மருந்துக்குக் கட்டுப்படாமல் நீடித்தால் ஸ்டேட்டஸ் ஆஸ்துமாட்டிகஸ் என்று எழுதுவார்கள். அது நெஞ்சு சம்பந்தப்பட்டது, மூளைக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆகவே முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லைப் பாருங்கள். நோய் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பெயரைப் பெரிய பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்ததாகவும் நினைக்க வேண்டாம். 1824-ல் பாரிஸில் கால்மேய் என்ற மருத்துவர் வலிப்பைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று என்று வருவதை நோயாளிகள் தங்களுக்குள் பிரெஞ்சில் 'எத்தா தெ மால்' என்று சொல்லிக்கொள்வதாக அதில் குறித்திருக்கிறார். அந்தப் பேச்சு வழக்குதான் 1860-களில் ஆங்கிலப் புத்தகத்துக்குப் போகும்போது லத்தீன் வேட்டி கட்டிக்கொண்டது.

இனி உங்கள் தம்பி. இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி 'அரை மணி நேரம் கழித்து' என்பதுதான்.

உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். மூளைக்குள்ளேயே அதை அடக்கும் ஏற்பாடு இருக்கிறது. 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அந்த ஏற்பாடு தோற்றுப்போயிற்று, இனி தானாக நிற்பது சந்தேகம் என்று அர்த்தம். முன்பெல்லாம் 30 நிமிடம் நீடித்தால்தான் ஸ்டேட்டஸ் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. நான் படித்ததும் அப்படித்தான். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015-ல் வெளியிட்ட வரையறையில் இரண்டு கெடு உண்டு. 5-வது நிமிடம் மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டிய கெடு. 30-வது நிமிடம் மூளை உயிரணுக்களுக்கு நிரந்தரமான சேதம் தொடங்கக்கூடிய கெடு. ஒருவேளை ஆள் விழாமல், நினைவு மங்கி, வெறித்துப் பார்த்துக்கொண்டு, வாயை மென்றுகொண்டே இருக்கும் வகை வலிப்பாக இருந்தால் அந்தக் கெடு 10 நிமிடமும் 60 நிமிடமும்.

அந்த 5 நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், வலிப்பை நிறுத்த நாங்கள் முதலில் போடும் லோரசெபாம், மிடாசோலம், டயசெபாம் ஆகிய மருந்துகள் மூளை உயிரணுவின் மேல்பரப்பில் இருக்கும், துடிப்பை அடக்கும் 'காபா' ஏற்பிகளில் வந்து உட்கார்ந்துதான் வேலை செய்யும். வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் ஒவ்வொன்றாக உயிரணுவுக்குள் இழுக்கப்படுகின்றன. தூண்டிவிடும் ஏற்பிகள் மேலே வந்துவிடுகின்றன. 5-வது நிமிடத்தில் ஒரு ஊசிக்கு அடங்கியிருக்கக்கூடிய வலிப்பு 40-வது நிமிடத்தில் நான்கு மருந்துக்கும் அடங்காமல் போவது இதனால்தான். உங்கள் தம்பிக்கு முதல் ஊசி கேட்கவில்லை. அடுத்து லெவெடிரசெட்டாம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் ஆகிய மூன்றில் ஒன்றை நரம்பில் ஏற்றியிருப்பார்கள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வலிப்பை நிறுத்தின. மீதிப் பாதியில் உங்கள் தம்பி இருந்திருக்கிறான். அதனால் மயக்க மருந்து கொடுத்து மூளையையே உறங்க வைத்து, மூச்சுக்கு வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த அந்த மூன்று நாள் 'நினைவில்லாமை'யில் பெரும்பங்கு மருத்துவர்களே கொடுத்த தூக்கம். தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். கை கால் வெட்டு நின்ற பிறகும் மூளைக்குள் வலிப்பு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வயர்கள் வழியாக மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.ஈ.ஜி. இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

நோய் முற்றிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. ஸ்டேட்டஸ் என்பது புற்றுநோயில் சொல்வது போன்ற கட்டம் இல்லை. நேற்று வரை ஒரு வலிப்புகூட வராத ஆளுக்கு முதல் வலிப்பே ஸ்டேட்டஸாக வருவதுண்டு. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் சோடியம் அடியோடு குறைவது, குடியைத் திடீரென்று நிறுத்துவது, பூச்சிமருந்து குடிப்பது என்று பல காரணங்கள். உங்கள் தம்பிக்குக் காரணம் கையோடு தெரிகிறது: மாத்திரையை நிறுத்தினான், தூங்கவில்லை. தேறிவர வாய்ப்பு அதிகம் உள்ள காரணங்களில் இது ஒன்று. அதே சமயம் இதை லேசாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரை எடுக்கக்கூடிய ஒன்றிலிருந்து அவன் திரும்பி வந்திருக்கிறான். ஒரு தடவை வந்தவருக்கு இன்னொரு தடவை வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்த சில வாரங்கள் அவனுக்கு மறதி, எரிச்சல், பேச வந்ததை மறந்து நிற்பது எல்லாம் இருக்கலாம். 'ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து புத்தி மந்தமாயிட்டு' என்று யாரும் அவன் காதுபடச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கு வருகிறேன். நானும் இந்தச் சீமைக்காரன்தான். மகுட மேளம் அதிர, வில்லுப்பாட்டுக்காரர் குரலை ஏற்ற, சுற்றி நூறு பேர் குலவையிடும்போது ஒருவன் விழுந்து துடித்தால் அது அருளா வலிப்பா என்று அந்த நிமிடத்தில் யாருக்குச் சட்டென்று தெரியும்? ஆனால் கூர்ந்து பார்த்தால் தெரியும். சாமியாடுகிறவர் காலில் நிற்பார், வேகத்தில் விழுந்தாலும் கைகொடுத்தால் எழுவார், ஆள் தெரியும், கேட்டதற்குக் குறி சொல்வார். வலிப்பு வந்தவன் வெட்டிய மரமாக விழுவான். உடம்பு முதலில் விறைக்கும், அப்புறம் ஒரே சீராக வெட்டும். கண் திறந்தபடி மேலே செருகியிருக்கும். உதடு நீலம் பாரிக்கும், வாயில் நுரை தள்ளும், நாக்கின் ஓரம் கடிபட்டு ரத்தம் வரும், வேட்டி நனையும். எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. இதில் ஒன்றிரண்டைப் பார்த்தாலே மேளத்தை நிறுத்தச் சொல்லலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

பார்த்தவுடன் முதல் வேலை, மணி பார்ப்பது. பக்கத்தில் நிற்கிற பையனிடம் செல்போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நேரமும் பதிவாகும், எங்களுக்கும் வலிப்பின் வகை தெரியும். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். வெட்டு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலுக்குள் போகாது. வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவான் என்பது பொய். பல் உடைந்து உள்ளே போவதுதான் நடக்கும். முழுநினைவு வரும்வரை தண்ணீர், சோடா கொடுக்க வேண்டாம். சாவிக்கொத்து, அரிவாள், செருப்பு, வெங்காயம்: இரும்பைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நிற்பதாக நம் ஊரில் இத்தனை பேர் சத்தியம் செய்வதற்குக் காரணம், சாவியைத் தேடி எடுத்துவரும் நேரத்துக்குள் அது தானாகவே நின்றிருக்கும் என்பதுதான். நிற்காத வலிப்பில் அதே சாவிதான் அரை மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. உங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்பதால் வலிப்பு தொடங்கியதுமே ஒருவர் வண்டிக்குச் சொல்லிவிடுவது நல்லது. நின்றுவிட்டால் வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்று முடிந்து நினைவு திரும்பாமலே இன்னொன்று வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், வலிப்பு வந்தவர் கர்ப்பிணியாக இருந்தாலும், வாழ்க்கையில் முதல் தடவை வந்தாலும் மணி பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

இன்னொன்று, இதை அடுத்த முறை போகும்போது அவசியம் கேளுங்கள். மிடாசோலம் மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகக் கிடைக்கிறது. உங்கள் தம்பியின் எடையைப் பார்த்து ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை அழுத்து என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தருவார். 5 நிமிடம் ஆனதும் வீட்டில் இருப்பவர்களே அடிக்கலாம். நரம்பு தேட வேண்டியதில்லை. 2012-ல் வந்த ஓர் ஆய்வில், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நரம்பு தேடி லோரசெபாம் ஏற்றியதைவிடத் தொடையில் மிடாசோலம் குத்தியது சற்று நன்றாகவே வேலை செய்தது. சிறந்த மருந்தைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும் மருந்து மேல் என்பதைத்தான் அது காட்டியது. வீட்டில் ஒன்று, அவன் வண்டியில் ஒன்று. அடித்த பிறகு மூச்சைக் கவனித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வண்டி என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அவனுக்குப் பிடிக்காது. இப்போதைக்கு லோடு ஆட்டோ கூடாது, பைக்கும் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்திலேயே வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு அன்று என்ன பதில் எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பிழைப்பு போகிறதே என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. கூட ஓர் ஓட்டுநரைப் போட்டுக்கொண்டு சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கை அவன் பார்க்கலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். ஆற்றில் குளிக்கப் போனால் கூட ஒருவர் போக வேண்டும், அதுவும் வலிப்பு இருப்பது தெரிந்தவர், நீச்சல் தெரிந்தவர். தாமிரபரணியில் இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பார்கள். வலிப்பு வந்தவனுக்கு முழங்காலளவுத் தண்ணீரே அதிகம். கிணற்றடி, மாடி, மரம் ஏறுவது எல்லாமே அந்தக் கணக்குதான்.

விரதத்துக்கும் மாத்திரைக்கும் சண்டை கிடையாது. அவன் எடுப்பது லெவெடிரசெட்டாம் என்று காகிதத்தில் இருந்தால், அதன் அளவு ரத்தத்தில் பாதியாக இறங்க 6 முதல் 8 மணி நேரமே ஆகும். இரண்டு நாள் நிறுத்தினால் உடம்பில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது. ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரை விழுங்குவதை நான் அறிந்த, சாமியாடும் எந்தக் கோமரத்தாடியும் தடுத்ததில்லை. அடுத்த கொடைக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே பூசாரியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வாயால் 'மாத்திரையைப் போட்டுட்டு வாலே' என்று ஒரு சொல் வந்தால் என் சீட்டைவிட அதற்குப் பலம் அதிகம். கொடையைப் பார்க்கட்டும், தடையில்லை. மதியக் கொடையைப் பார்த்துவிட்டு ராத்திரி போய்ப் படுத்துவிட வேண்டும். இரவு முழுக்க விழித்திருப்பது அவன் மூளைக்கு ஆகாது. இரண்டு நாள் தூங்காவிட்டால் மாத்திரை எடுத்தாலும் வலிப்பு வரலாம்.

இப்போது உங்கள் விஷயம். இதில் பயம் குறைவு, கவனிக்க வேண்டியது உண்டு.

ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், ஒரு தடவை வந்தால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். அதைத் தாண்டி, ஆளைப் படுக்கப் போடும் அளவுக்கு நீடித்தால் ஸ்டேட்டஸ் மைக்ரெய்னோசஸ் என்று எழுதுவோம். நடுவில் தூங்கியதாலோ மாத்திரையாலோ சில மணி நேரம் விட்டிருந்தாலும் கணக்கில் சேரும். உங்களுக்கு நான்கு நாள், அதாவது 96 மணி நேரம். அதுவும் எப்போது வந்தது? தம்பி ஐ.சி.யு.வில் கிடக்க, நீங்கள் வெளியே சிமெண்ட் தரையில் இருந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல், தூங்காமல், எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. மைக்ரேன் உள்ளவர்களுக்கு நெருக்கடி நடக்கும்போது வராமல், அது தளர்ந்த பிறகு வருவது சகஜம். சொட்டு மருந்து ஏற்றி, வாந்திக்கும் வலிக்கும் ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள். மூளையில் தழும்பு விழுந்துவிடவில்லை.

டோபிரமேட் வலிப்புக்காக வந்த மருந்துதான், கடைக்காரர் சொன்னது சரி. மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்கவும் அது கொடுக்கப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலும், மன அழுத்தத்துக்கு வந்த அமிட்ரிப்டிலினும் அதே வேலைக்குப் பயன்படுகின்றன. ஒரு மாத்திரை வேறு எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதை வைத்து உங்கள் நோயை முடிவு செய்தால் உங்களுக்கு ரத்த அழுத்தம் என்றும் சொல்லலாம், மனநோய் என்றும் சொல்லலாம். டோபிரமேட்டில் விரல் நுனி மரமரப்பது வழக்கம், பயப்பட வேண்டாம். நம் வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரகக் கல் வரக்கூடும். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் அதை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் டோபிரமேட் கூடாது, வால்ப்ரோயேட் அதைவிடக் கூடாது. மாற்று மருந்து இருக்கிறது.

கடையில் சும்மா வாங்கிப் போடும் தலைவலி மாத்திரை தனிக் கதை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையை 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தினமும் வரவழைக்கத் தொடங்கிவிடும். பீடி சுற்றும் வீடுகளிலிருந்து என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு இதுதான். குனிந்த தலை நிமிராமல் வேலை, காலையில் ஒரு காப்பி, மதியம் ஒரு மாத்திரை. நீங்கள் ஒரு காலண்டரில், மாத்திரை போட்ட நாளை மட்டும் வட்டம் போட்டு வாருங்கள். போதும்.

எந்தத் தலைவலி சந்தேகத்துக்குரியது என்றும் தெரிந்திருக்கட்டும். மண்டையில் இடி விழுந்தது போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சு குழறுவது. பிரசவமான சில வாரங்களுக்குள் வரும் விடாத தலைவலி. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் 'பச்சை உடம்பு, குளிர் ஏறிட்டு' என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மூளையின் சிரைக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதில் வலிப்பும் வரும். ஸ்கேன் பார்க்காமல் விடக்கூடாது.

பெயரைப் பார்த்துப் பயப்படுவது உங்களோடு நிற்பதில்லை. தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற நோயின் பெயரிலேயே 'கடுமையானது' என்று இருக்கிறது. 1895-ல் பெர்லினில் யோலி என்பவர் அந்தப் பெயரைக் கொண்டுவந்த காலத்தில் மருந்தே கிடையாது, கடுமையாகத்தான் இருந்தது. இன்று அந்த நோயுள்ள பலர் மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். பெயர் மட்டும் பழைய பயத்தோடு நிற்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு இடது கை மட்டும் ராப்பகலாகத் துடித்துக்கொண்டே இருந்தது. 'வாயு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். 'எபிலெப்சியா பார்ஷியாலிஸ் கண்டினுவா' (உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் விடாமல் நீடிக்கும் வலிப்பு) என்று நாங்கள் எழுதியதும் குடும்பமே கலங்கிவிட்டது. அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. அதை இறக்கியதும் கை நின்றது. வாய் கொள்ளாத பெயர் வைத்த நோயெல்லாம் பெரிய நோய் என்று கணக்கில்லை. இப்படிப் பெயர் எழுதுகிற எங்கள் ஆட்கள், அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதினால் பாதி வீடுகளில் இந்தக் கலக்கம் இருக்காது. அதற்கு நேரமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மகளுக்கு வருவோம். மாமாவுக்கு வலிப்பு இருப்பதால் மருமகளுக்கு வரும் என்று அஞ்சத் தேவையில்லை. வலிப்பில் பெரும்பாலானவை பரம்பரையாக நேராக இறங்குபவை அல்ல. உங்கள் தம்பிக்கு 12 வயதில் ஏன் தொடங்கியது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருப்பார்கள். அந்தப் பழைய காகிதம் கிடைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மைக்ரேன்தான் குடும்ப வழியில் வருவது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுதல். சின்னப் பிள்ளைகளுக்கு அது சில நேரம் தலைவலியாக இல்லாமல் அடிக்கடி வயிற்றுவலி, வாந்தி என்று தலைகாட்டும். அப்படி இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் பிள்ளையை விளையாட விடுங்கள்.

தம்பியின் கல்யாணம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக ஒரு காலத்தில் இருந்தது. 1999-ல் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கிவிட்டார்கள். ஆக, சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மறைத்துக் கட்டிவைக்க வேண்டாம். இதை ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, மருத்துவராகச் சொல்கிறேன். மறைத்துக் கட்டிய வீட்டில் மாப்பிள்ளை மாத்திரையை ஒளித்துவைத்துப் போடுவான், இரண்டு நாள் போட முடியாமல் போகும், பிறகு என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பெண் வீட்டாரை உங்கள் தம்பியின் மருத்துவரிடமே ஒருநாள் கூட்டிப் போங்கள். பல பேருக்கு நாங்கள் அப்படிப் பேசியிருக்கிறோம். பேச்சு முடிந்த பிறகு சில வீடுகள் விலகின, சில வீடுகள் தேதி குறித்தன. கூடவே பெண்ணுக்கும் முதலுதவி சொல்லிக் கொடுத்துவிடலாம். மூக்கு ஸ்ப்ரேயை அடிக்கப் போகிறவள் அவள்தானே.

கடைசியாக மாத்திரை இருப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலையெல்லாம் அறுந்து கிடந்தபோது மாத்திரை தீர்ந்துபோய்த் தவித்தவர்கள் உண்டு. அட்டையில் பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிட வேண்டும். செலவு கையைக் கடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரைகள் இலவசமாகத் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எது கிடைக்கும் என்றும் கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயரை மட்டும் மாற்றாமல் வாங்குங்கள், கடைக்காரர் 'இதுவும் அதுதான்' என்று வேறு அட்டையைத் தந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் காகிதம், பழைய எம்.ஆர்.ஐ., கொடையில் யாராவது வீடியோ எடுத்திருந்தால் அது, இப்போது போடும் மாத்திரை அட்டைகள், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தம்பியைத் தனியாக அனுப்ப வேண்டாம். வலிப்பு எப்படி இருந்தது என்று அவனால் சொல்ல முடியாது, பார்த்தவர் யாராவது கூட வர வேண்டும்.